எருவை மண்ணிற் புதைக்கும் சாணி வண்டு

ஐப்பசி மாதத்து முதல் மழை பெய்து நிலம் ஊறிய பின்னர், வன்னியிலோ மட்டக்களப்பிலோ மாடுகள் இராத்தங்கிய பட்டியைக் காலையிற் சென்று பார்ப்பவர் ஒரு மாற்றத்தைக் காண்பர். முதல்நாள் மாலையில் ஈரமாய்த் திரண்டு கிடந்த சாணி, விடிந்தபோது உள்ளீடற்ற சக்கையாய்க் கிடக்கும். அதனைத் தடியாற் புரட்டினால் அடியிலே துளைகள் பலவும், அத்துளைகளிலிருந்து தள்ளப்பட்ட புதுமண்ணும் தோன்றும். எலி தோண்டியதென்று சிலர் கருதுவர். அவ்வேலையைச் செய்தது சாணி வண்டு. ஓரிரவுக்குள் அக்குவியலின் பெரும்பகுதியை அது நிலத்தின் கீழே இறக்கிவிட்டது.

இவ்வண்டைக் கமக்காரர் அறியாதவரல்லர். பீயுருட்டி வண்டு என்ற பெயரும் வழங்குகின்றது. அருவருப்போடு சொல்லப்படும் பெயராகையால் அதன் தொழிலை நின்று பார்த்தவர் சிலரே. இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. கத்தரிக்கோ மிளகாய்க்கோ நிலங் கொத்தும்போது மண்ணுள்ளிருந்து உருண்டையொன்று வெளிப்படும். அதனை உடைத்தால் உள்ளே வளைந்த வெண்புழு ஒன்று கிடக்கும். வேரைத் தின்னும் புழு வந்துவிட்டதென்று எண்ணி, அத்தரை முழுவதற்கும் பூச்சிநாசினி இடுவோர் உளர். அந்தப் புழு வேரைத் தின்பதில்லை. தாய் வண்டு வைத்த சாணியுருண்டையே அதற்கு வீடும் உணவுமாகும். அதற்கு வெளியே அது உண்பதற்கு யாதுமில்லை. கூலியின்றி எருப் புதைக்கும் ஏவலாளியைக் காசு செலவழித்துக் கொல்வதற்கு முன்னர், அதன் வாழ்க்கையைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று.

சாணி வண்டுகளிற் பற்பல இனங்கள் இலங்கையில் உள்ளன. இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளில் வாழும் இனங்களை ஜி. ஜே. அரோ என்னும் பூச்சியியலறிஞர் 1931ஆம் ஆண்டில் வெளியான நூலொன்றில் விரித்தெழுதினார். மிளகு, பயறு அளவான ஒந்தொபேகசு இனங்கள் முதல், ஒன்றரை அங்குலம் வரை வளரும் கதார்சியசு மொலோசசு வரை இவற்றின் பருமன் வேறுபடும். சில இனங்கள் சாணிக் குவியலுக்குள்ளேயே வாழ்ந்து மடியும். சில, சாணியை உருட்டித் தூரமாய்க் கொண்டுபோய்ப் புதைக்கும். பகலில் வெயிலில் உருட்டிச் செல்வன இவையே. மூன்றாவது வகை, சாணிக்கு நேர் கீழே வளை தோண்டிச் சாணியை உள்ளே இழுப்பவை. இவை பெரும்பாலும் மாலை மங்கியபின் வேலை செய்வதால் மனிதர் கண்ணிற் படுவது குறைவு. கமத்துக்கு மிகுதியும் உதவுவன இவையாகலின், இங்கு கூறப்படுவன பெரும்பாலும் இவ்வகையைப் பற்றியனவே.

தோண்டுந் தொழிலுக்கு ஏற்றவாறே இவ்வண்டின் உடல் அமைந்துள்ளது. தலை தட்டையாய், முன்விளிம்பு அகன்று, மண்வெட்டியின் அலகை ஒத்திருக்கும். முன்கால்கள் குறுகித் தடித்து, வெளிப்புறத்திலே பற்கள் உடையன. தலையால் மண்ணை நெம்பி, முன்காலால் வாரி, பின்னோக்கி நகர்ந்து வெளியே தள்ளும். ஆண் வண்டுகள் பலவற்றுக்குத் தலையிற் கொம்பு உண்டு. அக்கொம்பினால் மனிதருக்கோ மாட்டுக்கோ தீங்கு எதுவும் இல்லை. வளையின் வாயிலில் நின்று, வேற்று ஆண் வண்டு உட்புகாதபடி மறித்துப் போராடுவதற்கே அது பயன்படும். ஒந்தொபேகசு இனத்திற் கொம்பில்லாத சிற்றாண்களும் உண்டு. அவை வாயிலிற் போராடி வெல்ல மாட்டாதனவாகையால், பக்கத்திலே வேறொரு வளை தோண்டிக் களவாய் உள்ளே நுழைந்துவிடும்!

கூடும் குடம்பியும்

புதுச் சாணியின் மணம் காற்றிற் பரவியதும் வண்டுகள் பறந்து வந்து சேரும். காய்ந்து பொருக்கு வைத்த சாணியை இவை விரும்புவதில்லை. வளர்ந்த வண்டு உண்பது சாணியிலுள்ள நீர்ப்பகுதியும், அதிற் கலந்த மிக நுண்ணிய துகள்களுமே. நார்ப்பகுதியைக் கடித்துத் தின்னும் வாயுறுப்பு அதற்கில்லை. அதன் குடம்பிக்கோ அத்தகைய வாய் உண்டு. ஒரே சாணியை இவ்வாறு தாயும் பிள்ளையும் வேறுவேறு வகையில் உண்கின்றன.

ஆணும் பெண்ணும் சேர்ந்தே பெரும்பாலும் வளை அமைக்கும். பெண் கீழே தோண்ட, ஆண் சாணியை மேலிருந்து இறக்கிக் கொடுக்கும். சிறிய இனங்களின் வளை நாலைந்து அங்குல ஆழத்திலேயே முடிந்துவிடும். பெரிய இனங்கள் ஒரு முழத்துக்கும் கீழே செல்லும். மணற்பாங்கான இளகிய தரையில் ஆழம் கூடும்; இறுகிய செம்மண்ணிற் குறையும். மழைக்கு முன்னர் கல்லாய் இறுகிக் கிடக்கும் நிலத்தை இவற்றாற் குடைய இயலாது. கோடையில் வயல்வெளிகளிலே சாணி வறண்டு கிடப்பதற்கும், கறையான் வந்து அதனைத் தின்பதற்கும் இது ஒரு காரணமாகும்.

வளையின் அடியிற் பெண் வண்டு சாணியைப் பிசைந்து உருண்டையாக்கும். ஒவ்வோர் உருண்டையிலும் ஒரேயொரு முட்டை இடும். முட்டையைச் சாணியோடு ஒட்ட வைக்காமல், உருண்டையின் ஒரு முனையிலே சிறு அறை அமைத்து, அதனுள் நிறுத்தி வைத்து, காற்றுப் புகத்தக்கதாய் நார் கலந்த சாணியால் வாயை அடைக்கும். பிரான்சு தேசத்திலே பள்ளி ஆசிரியராயிருந்து பூச்சிகளின் ஒழுக்கத்தை ஆராய்ந்த ழான் ஆன்றி ஃபாபர் (1823–1915), இத்தகைய உருண்டைகளை நூற்றுக்கணக்கில் தோண்டியெடுத்து, இவ்வறையின் அமைப்பை விரிவாக எழுதியுள்ளார்.

கொப்பிரிசு என்னும் இனங்கள் இலங்கையிலும் உண்டு. இவற்றின் தாய் வண்டு முட்டையிட்டபின் கூட்டைவிட்டுப் போவதில்லை. ஓர் அறையில் மூன்று நான்கு உருண்டைகளை, சிலவேளை அதற்குங் கூடுதலாக, வைத்துக்கொண்டு, அவற்றின் நடுவே தானும் தங்கும். உருண்டைமேற் பூஞ்சணம் பிடித்தால் சுரண்டி எடுக்கும்; வெடிப்பு விழுந்தாற் பூசி அடைக்கும். தன் பிள்ளைகள் வண்டாகி வெளிவரும் வரை, வாரக்கணக்காக, இருட்டில் இக்காவல் நடைபெறும். பூச்சிகளுள் இத்துணைப் பரிவுடையவை அரியன. ஒந்தொபேகசு இனங்களோ உருண்டையை அடைத்து வளையை மண்ணால் மூடிவிட்டு, அடுத்த சாணிக்குப் பறந்துவிடும்.

சில நாட்களில் முட்டை பொரித்துக் குடம்பி வெளிவரும். உடல் வெள்ளையாய், ஆங்கில எழுத்தாகிய சீ போல வளைந்து, முதுகின் நடுவே கூன்போல் ஒரு திமில் எழுந்திருக்கும். கால்கள் மிகச் சிறியன; தரையில் விட்டால் அதனால் நடக்க முடியாது. தான் இருக்கும் உருண்டையை உட்புறமிருந்து தின்று, மும்முறை வளர்நிலை எய்தும். உருண்டையின் சுவரிலே துளையொன்று விழுந்தால், உடனே தன் கழிவையே சாந்தாகக் கொண்டு அதனைப் பூசி அடைக்கும். உள்ளீரம் வற்றினாற் குடம்பி மடியும் என்பதை எண்ணினால், இவ்வேலையின் அவசியம் விளங்கும். மண்வெட்டியாற் பிளக்கப்பட்ட உருண்டையை மீண்டும் மண்ணில் எறிந்தால், உள்ளிருக்கும் குடம்பி பிழைப்பது அரிது.

தீனி முடிந்ததும் எஞ்சிய ஓட்டுக்குள்ளேயே அது கூட்டுப்புழுவாகும். இந்நிலையில் வருங்கால வண்டின் கால்களும் கொம்பும் மடங்கிக் கிடத்தலைத் தெளிவாகக் காணலாம். பின்னர் தோலுரித்து வரும் வண்டு முதலில் மென்மையாய்ச் செந்நிறமாய் இருந்து, சில நாட்களிற் கறுத்து இறுகும். சிறிய இனங்களிற் சூடான காலத்தில் முட்டை முதல் வண்டு வரை ஏறக்குறைய ஒரு மாதமே செல்லும். பெரிய இனங்களுக்குச் சில மாதங்கள் வேண்டும். இங்கு மழையின் பங்கு பெரிது. சாணி ஓடு வறட்சியில் ஓட்டாஞ்சில்லுப்போல் இறுகிவிடுமாகையால், வளர்ந்த வண்டும் அதனை உடைத்து வெளிவர இயலாமல் உள்ளேயே கிடக்கும். மழைநீர் மண்ணுட் சென்று ஓட்டை இளக்கியபின்னரே அது வெளியேறும். உலர்வலயத்தில் மாரி தொடங்கிய சில நாட்களுக்குள் விளக்கொளியை நாடி இவ்வண்டுகள் திரளாய் வருவதன் காரணம் இதுவாம்.

இவ்வாழ்க்கையிற் கமக்காரர் முக்கியமாய் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பெண் சாணி வண்டின் உடலில் ஒரேயொரு சூலகமும், அதில் ஒரேயொரு சூற்குழலுமே உள்ளன. வீட்டு ஈ ஒருமுறையில் நூறு முட்டைக்கு மேல் இடும். இவ்வண்டு ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் உருண்டை உருட்டி வைத்து இடவேண்டும். கொப்பிரிசு வண்டு ஒரு பருவத்தில் வளர்த்தெடுப்பது விரல்விட்டு எண்ணத்தக்க தொகையே. ஆகவே மருந்தினாலோ வேறெவ்வாற்றாலோ ஓராண்டுப் பிள்ளைகள் அழிந்தால், ஈயும் கொசுவும் மீளுவதுபோல் இவை விரைவில் மீளமாட்டா.

வண்டினால் வரும் நன்மை

வெளியிற் கிடந்து காயும் சாணியிலுள்ள நைதரசனில் ஒரு பங்கு அமோனியா வாயுவாய்க் காற்றிற் போய்விடும். வண்டு புதைத்த சாணியில் அவ்விழப்புக் குறைவு. புதைந்தது வேர் படரும் ஆழத்திற் கிடந்து மக்கி, மண்ணோடு சேர்கின்றது. தோண்டிய வளைகளின் வழியே மழைநீரும் காற்றும் இறங்குகின்றன. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் குழை தாழ்த்தும்போது செய்வதும் இதனையே. தழையை மேலே பரப்பிக் காயவிடாமல் மண்ணுக்குள் வைக்கின்றனர். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, மாட்டெருவைத் தேடி அலைந்த கமக்காரருக்கு எருவின் அருமையை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. உழவு இயந்திரமும் லான்ட்மாஸ்டரும் வந்தபின் எருமை குறைந்த ஊர்களிற் கிடைக்கும் எருவே கொஞ்சம். அதுவும் வெயிலில் வீணாய்ப் போகலாகாது.

மாட்டுக்கும் இதனால் நன்மையுண்டு. மாட்டின் குடற்புழுக்களுடைய முட்டைகள் சாணியோடு வெளிவந்து, அதிலேயே பொரித்து, சிறு புழுக்களாய்ப் புல்லிலேறி, மேயும் மாட்டின் வயிற்றை மீண்டும் அடைகின்றன. சாணி புதைக்கப்பட்டும் உதிர்க்கப்பட்டும் விரைவிற் காய்ந்தும் போகுமானால், புல்லிலேறும் புழுக்களின் தொகை குறையும். மாட்டின் முதுகை மொய்த்து இரத்தம் குடிக்கும் ஈக்கும் புதுச் சாணியே பிறப்பிடம். சாணி வண்டின் வயிற்றுப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், செம்பழுப்பான சிற்றுண்ணிகள் சில ஒட்டியிருப்பதைக் காணலாம். இவை மாட்டுண்ணியல்ல. வண்டின்மேல் ஏறிச் சாணிக்குச் சாணி சென்று, அங்குள்ள ஈயின் முட்டைகளையும் இளம் புழுக்களையும் உண்பவை இவை.

வண்டில்லாத நாட்டில் என்ன நேரும் என்பதற்கு அவுஸ்திரேலியா சான்றாகும். 1788ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் முதன்முதலாக அங்கே மாடு கொண்டு சென்றனர். அந்நாட்டில் முன்னரே சாணி வண்டுகள் இருந்தன. ஆயினும் அவை கங்காரு முதலியவற்றின் சிறு உலர்ந்த பிழுக்கைகளுக்குப் பழகியனவாகையால், மாட்டுச் சாணியின் பெரும்பகுதியை அவற்றால் ஆளமுடியவில்லை. மந்தைகள் பெருகப் பெருக, சாணி மாதக்கணக்காய்ப் புற்றரையை மூடிக் கிடந்தது. ஈக்கள் அளவின்றிப் பெருகின. அங்கேரியிற் பிறந்து அங்கே குடியேறிய பூச்சியியலறிஞர் ஜோர்ஜ் போர்னமிசா, வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவரலாமென்று எடுத்துரைத்தார். அந்நாட்டு அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் 1960களின் பிற்பகுதி முதல் ஆபிரிக்காவிலிருந்தும் தென் ஐரோப்பாவிலிருந்தும் வண்டுகளை வருவித்துப் பெருக்கி வெளியே விட்டது. இருபதுக்கு மேற்பட்ட இனங்கள் அங்கு நிலைபெற்றன. அந்நாடு இத்துணைப் பாடுபட்டுத் தேடிய பூச்சி, இங்கே வரம்போரத்தில் இயல்பாய் வாழ்கின்றது.

மூன்று வெண்புழுக்கள்

குழப்பத்துக்கு இடமாவன மூன்று புழுக்கள். மூன்றும் வெண்ணிறமாய், வளைந்து, தலை பழுப்பாய் இருக்கும். எங்கே கிடைத்தது என்று பார்த்தாலே பெரும்பாலும் இன்னதென்று சொல்லிவிடலாம்.

எருக்கும்பியிலும், உக்கிய தென்னங்குற்றியிலும், தளர்வாய்க் கிடக்கும் பழைய எருவுக்குள்ளே கூட்டமாய்க் காணப்படுவது காண்டாமிருக வண்டின் புழு. பெருவிரலளவுக்கு மேல் பருத்து வளரும். இது எருக்கும்பியிற் கிடக்கும் வரை பயிருக்குத் தீங்கில்லை. வண்டானபின் தென்னை, பனை ஆகியவற்றின் குருத்தைத் துளைக்கும். பின் விரியும் ஓலை கத்தரித்ததுபோற் காணப்படும். எருக்கும்பியை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரட்டி, புழுக்களைப் பொறுக்கி அழித்தல் வேண்டும். கோழியை விட்டாற் பாதி வேலையை அதுவே முடித்துவிடும்.

மண்ணிலே உருண்டை எதுவுமின்றித் தனித்து, வேர்களுக்கிடையே அல்லது உருளைக்கிழங்குக்கு அருகே கிடப்பது வேரைத் தின்னும் வெண்புழு. இதற்குக் கால்கள் நன்கு தெரியும். முதுகிற் கூன் இல்லை. இதன் தாய் வண்டு கபில நிறமானது. முதல் மழைக்குப் பின் அந்தி வேளையில் முருங்கை, வேம்பு முதலிய மரங்களில் ஏறி இலையைத் தின்று, விடியுமுன் மண்ணுக்குத் திரும்பும். அவ்வேளையில் மரத்தை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரிற் போட்டு அழிக்கலாம். ஆழ உழுதபோது வெளிப்படும் புழுக்களைக் காகமும் மைனாவும் கொக்கும் தின்றுவிடும்.

சாணியுருண்டைக்குள்ளே, ஓர் உருண்டைக்கு ஒன்றாய், கூன் முதுகுடன் இருப்பது சாணி வண்டின் குடம்பி. இதனைக் கொல்லலாகாது. கொத்தும்போது முழு உருண்டை அகப்பட்டால், வரம்போரத்திலோ மரநிழலிலோ ஒரு சாண் ஆழத்திற் புதைத்துவிடலாம். தண்ணீர் கட்டும் வயலின் நடுவிற் புதைப்பதாற் பயனில்லை.

வரம்பையிட்டும் சிலருக்கு ஐயம் உண்டு. வரம்பைத் துளைத்து நீரை ஒழுகவிடுவன நண்டும் எலியுமே. சாணி கிடக்காத வரம்பிலே சாணி வண்டுக்கு வேலையில்லை.

மருந்திட்ட மாட்டின் சாணி

மண்ணில் இடும் பூச்சிநாசினியைவிடக் கண்ணுக்குத் தெரியாத வேறொரு கேடு இவ்வண்டுக்கு உண்டு. மாட்டின் குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் கொடுக்கப்படும் ஐவர்மெக்ரின் என்னும் மருந்து, உடலிற் பெரிதும் சிதையாமற் சாணியோடு வெளிவருகின்றது. 1987ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்றில், இம்மருந்து வயிற்றிலிருந்து மெல்லக் கசியும்படி செய்யப்பட்ட கன்றுகளின் சாணி, மருந்திடாத கன்றுகளின் சாணிபோற் சிதையாமற் கிடந்தது. அதில் வண்டுகளின் குடம்பிகள் இல்லை. ஊசி மூலமோ முதுகில் ஊற்றியோ கொடுத்தாலும், பின்வரும் சில வாரச் சாணியில் மருந்தின் எச்சம் இருக்கும்.

இக்கேட்டை அறிதல் கடினம். வளர்ந்த வண்டு பெரும்பாலும் அச்சாணியால் இறப்பதில்லை. வழமைபோல் வந்து, தோண்டி, உருட்டி, முட்டையிட்டுச் செல்லும். குடம்பியே நிலத்தின் கீழே மடியும். ஆகவே அப்பருவத்தில் வண்டு குறைந்ததாய் ஒருவருக்கும் தோன்றாது. அடுத்த மாரியில் வெளிவரவேண்டிய வண்டுகளே வராமற் போகும். முட்டை சிலவே இடும் இப்பூச்சிக்கு இது பேரிழப்பாகும்.

மாட்டுக்கு மருந்து தேவையானபோது கொடாதிருத்தலும் தவறு. மெலிந்த கன்றை வண்டுக்காகச் சாகவிடுவார் யாருமிலர். மந்தை முழுவதற்கும் நாட்கணக்கு வைத்து மருந்திடாமல், நோயுற்றவற்றையும் கன்றுகளையும் தெரிந்து கொடுப்பது நன்று. அல்பென்டசோல், லெவமிசோல் போன்ற மருந்துகளாற் சாணி வண்டுக்கு நேரும் தீங்கு மிகக் குறைவு. எந்த நோய்க்கு எது ஏற்றதென்று மிருக வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். இயலுமானால் ஐவர்மெக்ரின் கொடுப்பதை வண்டு மிகுந்த மாரித் தொடக்கத்தில் தவிர்த்துக் கோடையில் வைத்துக்கொள்ளலாம்.

தம் நிலத்தில் வண்டு உண்டா என்று அறிய விரும்புவோர், மழை பெய்து சில நாட்களின் பின், முதல்நாள் மாலை விழுந்த சாணியொன்றை விடியற்காலையில் அடிமண் சிறிதும் சேர அள்ளி, வாளி நீரிற் போட்டுக் கலக்கலாம். சிறிது நேரத்தில் வண்டுகள் மேலே மிதக்கும். எண்ணிப் பார்த்துவிட்டு, உயிரோடு மீண்டும் பட்டியில் விட்டுவிடலாம். பட்டியடைக்கும் இடத்தை முழுவதும் கூட்டி அள்ளாமல், மேய்ச்சற்றரையில் விழும் சாணியையேனும் வண்டுக்கென விடுதல் நன்று. எருக்குழிக்கு வேண்டிய சாணியைக் கொட்டிலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஐவர்மெக்ரின் கொடுத்த மாட்டை இரண்டு மூன்று வாரமாவது கொட்டிலிற் கட்டித் தீன் போடுதல் வேண்டும். அந்நாட்களில் விழும் சாணியைப் பட்டியிலோ வயலிலோ விடாமல், வெயில் படும் இடத்தில் மெல்லிதாய்ப் பரப்ப வேண்டும். காய்ந்த சாணிக்கு வண்டு வராது. நன்கு காய்ந்தபின் அதனை வைக்கோலும் குழையும் கலந்து தனிக் கும்பியாக்கி, பலமுறை புரட்டி மக்கவிட்டு, அடுத்த போகத்துக்கு எருவாய் எடுத்துக்கொள்ளலாம்.